நீ கேட்டாய், லெசியேலி

நெய்யாபு, வவாவு தீவு
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் லெசியேலிக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. உன் அண்ணன் பெனியை அடக்கம் செய்து ஆறு வாரமாகிறது. துக்கத்துக்கு இடுப்பில் சுற்றிக் கட்டிய பாயை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. உன் அத்தைமார் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

பிரிஸ்பேனிலிருந்து உன் மாமா மகன் மலாக்காய் போன் செய்தான். "லெசியேலி காலேஜுக்குப் போறதில்ல அத்தை, ஆஸ்பத்திரி பயிற்சிக்கும் போறதில்ல. நர்சிங்கே வேணாம்னு எழுதிக் குடுக்கப் போறாளாம்" என்றான். ஏனென்று கேட்டதற்கு, "அந்த வாடை எனக்குத் தெரியும், வார்டுல பாத்திருக்கேன். சொந்த வீட்டுல வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். நான் என்ன நர்ஸ்?" என்றாயாம். சேம்புக் குவியலின் மேல் போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

முதல் வருடம் முடிந்து வந்தபோது உன் பல்கலைக்கழகப் புத்தகத்தைச் சமையலறையில் வாசித்துக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? இந்தப் படிப்பை முடிப்பவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும், நோயாளி சொல்லாததையும் உணர வேண்டும், அவரவர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. "இதுக்கா மூணு வருஷம்? நம்ம போதகர் ஒரே ஞாயித்துக்கிழமையில சொல்லிருவாரே!" என்று நான் கிண்டல் செய்தேன். வாயில் கிழங்கோடு அப்படிச் சிரித்தாய். பிறகு, "முதல்ல சொன்னதும் கடைசியில சொன்னதும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுதேன்னு டீச்சர்கிட்ட கேட்டேன்மா. அதுக்குத்தான் மூணு வருஷம்னாங்க" என்றாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

பெனிக்குத் தொடையின் மேற்புறம், சொல்லக்கூடாத இடத்தில், அக்டோபரிலேயே கட்டி வந்து உடைந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி காதுல மட்டும் போடாதம்மா. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் சர்ச்சுல உக்காருவேன்?" என்றான். நம் வழக்கப்படி, நீ வாசலில் நுழைந்தால் அவன் பின்பக்கமாக வெளியேறுவான். அண்ணன் தங்கையான உங்களுக்கு நடுவே உடம்பைப் பற்றி ஒரு பேச்சு வரக்கூடாது. அப்படி வளர்த்தவள் நான்தானே. அவன் தனிக் குடிசையில் படுத்ததால் மறைக்கவும் சுலபமாக இருந்தது. கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவிக் கழுவியே சரியாகிவிடும் என்று நம்பினேன்.

நீ துணிக்கொடியருகே நின்று, "அம்மா, வீட்டுல யாருக்காவது புண்ணு இருக்கா?" என்று கேட்டாய். தூண்டிலுக்கு வைத்த மீன் அழுகிவிட்டது என்றேன். "உன் மூக்கு ஆஸ்திரேலியா மூக்கா மாறிப்போச்சுடி" என்று கேலியும் செய்தேன். பாவி நான்.

மறுநாள் மறுபடி வந்தாய். குடிசைப் பக்கம் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேக்கக் கூடாதுன்னா வேணாம்மா. கிளினிக்ல பிலிமோன் இருக்காரு, ஆம்பள நர்சு. அவரு வந்து பாக்கட்டும். நான் அந்த நேரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிடுறேன்" என்றாய். வழியைக் கண்டுபிடித்துவிட்டாய், மகளே. உன் டீச்சர் சொன்ன அந்தச் சண்டையை நீ தீர்த்துவிட்டாய். நான்தான், "படிப்பு தலைக்கேறிப் போச்சா? அண்ணனப் பத்திப் பேசுற வாயா இது?" என்று கத்தினேன். நீ சொன்ன யோசனையைப் பெனியிடம் நான் சொல்லவே இல்லை. அவன் ஒருவேளை சரியென்று சொல்லியிருப்பான். நான் அவனிடம் சொல்லாதது இதுவரை யாருக்கும் தெரியாது.

நீ விமானம் ஏறி மூன்றாம் வாரம் அவனுக்குக் குளிர்க் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில், புண் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். அக்டோபர் என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். புண்ணின் விஷம் ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. நினைவு இருந்தவரை பெனி உன் பட்டமளிப்பைப் பற்றித்தான் பேசினான். "நான் கூட்டத்துல கடைசியா நின்னுக்கிறேன். அவ திரும்பிப் பாக்க வேணாம்" என்றான்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு முகமில்லை. திட்டு, பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். நாளைக்கே வகுப்புக்குப் போ. நான் செய்ததற்கு நீ படிப்பை விடாதே.

இன்னொன்று. என் வலது குதிகாலில் ஒரு புண். இரண்டு வாரமாக ஆறவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். காலையில் பிலிமோனிடம் காட்டப் போகிறேன். போனேனா, என்ன சொன்னார் என்று போன் செய்து கேள், மகளே. ஒரு முறைக்கு இரண்டு முறை கேள். இந்த முறை உண்மையைச் சொல்வேன்.

உன் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

உன் அம்மா,
கலோலைனே