போலிக் காசும் விமலின் கையும்

கும்பகோணம்
3.6.2025

அன்புத் தம்பி ராஜேந்திரனுக்கு,

கூடப் பிறக்காவிட்டாலும் உன் அண்ணன் உலகநாதன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் ஜமுனாவும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் நான் வேலை பார்த்த நாளில் தினமும் வந்து பேசிக்கொண்டிருந்தவன், நான் ஊர் மாறியதும் இப்படி மறக்கலாமா?

விமலைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா? படகு கவிழ்ந்து அவன் கூட்டாளி தீனா இறந்துபோனது யார் குற்றமும் இல்லை. எஞ்சினைப் பிடித்தது தான் என்பதற்காக உன் பிள்ளை இப்படி ஊரை விட்டே போயிருக்க வேண்டாம்.

இந்தப் பதிவுத் தபாலில் ஒரு செப்புக் காசு வைத்திருக்கிறேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் அடித்தது, ஏரிச் சேற்றில் மீனவர் கையில் கிடைத்தது என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்கினேன். என் நாணய ஆசை உனக்குத் தெரியும். வந்து சேர்ந்ததும் மனசு சரியில்லை. தேய்த்தால் களிம்புப் பச்சை கையோடு வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலெல்லாம் பொடிப்பொடிக் குழி. முத்திரை குத்தி அடித்த காசில் அப்படி இருக்காது, வார்த்த காசில்தான் இருக்கும். ஜமுனாவுக்கு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது கிடைத்த காசு உன் வீட்டில் இருக்கிறதே, பொன்னேரியில் நகைக்கடைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்து எழுது. விளம்பரப் படத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். விற்பவன் உங்கள் பக்கத்து ஆளா என்று பார். போலி என்றால் புகார் கொடுக்காமல் விடமாட்டேன்.

அன்புடன்,
உலகநாதன்


கோரைக்குப்பம்
16.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடிதம் போடாததற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

காசை நிறுத்துப் பார்த்தேன். உங்களுடையது எடை குறைகிறது. ஆனால் அண்ணே, அதைச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

தபாலைப் பிரித்ததும் ஜமுனா அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் காசை வைத்துக் காட்டுகிற படம், முகம் கிடையாது. பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாமே?"னு கேட்டேன். "இது எம் புள்ள கையி"ன்னாள். மோதிர விரல் நுனி இல்லை. எஞ்சின் கயிறு இழுக்கும்போது அவனுக்குப் போனதே, அந்த விரல். கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற மச்சத்தையும் காட்டினாள். எனக்கும் சந்தேகமில்லை.

அண்ணே, போனவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் கிடந்தோம். இவள் ராத்திரியில் தூங்கி எத்தனை நாளாயிற்று. இன்றைக்குச் சோறு வடித்து, இரண்டு வாய் சாப்பிட்டாள்.

புகார் கொடுக்காதீர்கள். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிடுகிறோம். பார்சலில் அனுப்பியவர் விலாசம் இருந்தால் உடனே எழுதுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
ராஜேந்திரன்


கும்பகோணம்
19.6.2025

அன்புத் தம்பி ராஜேந்திரனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அதே ஆளிடம் இன்னொரு காசு வாங்கினேன். முதல் காசில் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு இருந்தது அல்லவா? இரண்டாவதிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் அதே வெட்டு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. அதற்கு மேல் நிரூபணம் வேண்டாம் என்று போன வாரமே புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ப் புகாரைத் திரும்பக் கேட்டேன். "உங்களது மட்டுமில்லை சார், இன்னும் நாலு பேர் கொடுத்திருக்காங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

விலாசம் அனுப்பம்பட்டு, ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெரு, மூர்த்தி என்பவன் பெயரில். ஆமாம் தம்பி, உங்களுக்கு அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். கடிதம் கண்டதும் புறப்படுங்கள்.

உலகநாதன்


கோரைக்குப்பம்
2.7.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனோம். விமல்தான் கதவைத் திறந்தான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாக இருந்தான். ஜமுனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காசு வார்ப்பதெல்லாம் மூர்த்தியாம். பழவேற்காட்டு மீனவன் கை என்று காட்டினால் நம்புவார்களாம், அதற்காக இவனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். பார்சல் கட்டுவதும் இவன் வேலை.

"வூட்டுக்கு வாடா"ன்னேன்.

"தீனா அம்மா எதிர்ல எப்பிடி நிப்பேன் நைனா?"

"அந்தம்மா செவ்வந்திதான்டா போவும்போதும் வரும்போதும் உன்ன கேக்குது. 'ஒரு புள்ள போனது போதும், அவனயாவது இட்டாந்துடுங்க'ங்குது"ன்னாள் ஜமுனா.

அதற்குத்தான் அழுதான் அண்ணே. படகு கவிழ்ந்த அன்றுகூட அழாதவன். புகாரைப் பற்றிச் சொன்னேன். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. "இப்பவே கெளம்பு, நாமளே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிக்கலாம்"ன்னேன். "சம்பளம் பாக்கி நிக்குது. ஞாயித்துக்கெழம வந்துடறேன், நீங்க போங்க"ன்னான். ஜமுனா வீட்டுக்கு வந்து அவன் பாயை வெயிலில் போட்டாள்.

சனிக்கிழமை போலீஸ் போனது. மூர்த்தி தப்பிவிட்டான். விமலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொன்னேரி கோர்ட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வரும்போது ஜமுனா பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓடினாள். படியில் விழுந்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பாசமா வந்து, எடத்த பாத்துக்கினு போய்ச் சொல்லிக் குடுத்துட்டீங்க இல்ல?"

இல்லைடா என்று கத்தினேன். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வக்கீலை அனுப்பினால் வக்காலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். கிளைச் சிறையில் போய் நின்றால் எங்களைப் பார்க்க வரமாட்டேன் என்கிறான்.

உங்கள் மேல் தப்பு இல்லை. ஏமாந்தவர் நீங்கள்தான். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் ஜமுனா எழுந்து வெளியே போய்விடுகிறாள். கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம் அண்ணே.

ராஜேந்திரன்


பொன்னேரி
9.7.2025

அன்புத் தம்பி ராஜேந்திரனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

இன்று காலை மனுப் போட்டு விமலைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ என்று நினைத்துத்தான் வந்தான். சங்கத்து ஐயா என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"புகார் கொடுத்தது நான்தான்பா. அது உன் கைன்னு தெரியாமலே கொடுத்தேன். உங்க அப்பா அம்மா உன்னைத் தேடி வர்றதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்" என்றேன். புகாருக்குக் கொடுத்த ரசீதை எடுத்துக் காட்டினேன். தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ காலைப் பிடித்துக் கேட்பதாக எழுதிய வரியையும் படித்துக் காட்டினேன். பாதியிலே "போதும் சார்" என்றான்.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. நேரம் முடிந்தது என்று காவலர் சொன்ன பிறகு, "அம்மாவுக்கு முட்டியில அடி பட்டுச்சா சார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்கலாமாம். உங்களை வரச் சொன்னானா என்று ஜமுனா கேட்பாள். சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய் நில்லுங்கள்.

உன் ஊருக்குப் பஸ் எதிரிலேயே நிற்கிறது. ஏறலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்கே போகிறேன்.

உலகநாதன்