பூட்டுக் கட்சிக்கு வந்த அழைப்பு

ஜனவரி 4

அன்பு மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் என் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் அரசியல் என்று வந்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் இரண்டு பேருக்கும் காது வலிதான் மிஞ்சும். கடிதத்தில் கத்த முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் நகரசபைத் தேர்தலில் எங்கள் கட்சியும் எதிர்க்கட்சியும் சரிசமமாக வந்து நிற்கிறோம். நடுவில் உங்கள் பூட்டுச் சின்னத்தில் ஜெயித்த நர்ஸம்மா ஒருவர் மட்டும். அவர் யார் பக்கம் சாய்கிறாரோ அவர்களுக்குத்தான் நகரசபை. எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கட்சிச் செயலாளர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே? பேசி முடிங்க" என்றார். வெறும் ஆதரவு கேட்கச் சொல்லவில்லை. பூட்டுக் கட்சி மொத்தமாக எங்களோடு இணைந்துவிட வேண்டும். இணைந்தால் நர்ஸம்மாவே நகரசபைத் தலைவர்.

நீயும் நானும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக அலைந்த காலத்தை நினைத்துப் பார். நம் தெருப் பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காருவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டோமா? பிப்ரவரி முதல் வாரம் தலைவர் தேர்வு. அதற்குள் நல்ல பதிலாக எழுது. தங்கைக்கு என் சலாம்.

உன் மச்சான்


ஜனவரி 10

மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் வந்தபோது கடையில் பள்ளிச் சீருடைத் துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். பிறகு உன் தங்கை படித்தாள். "அண்ணனுக்கு நம்ம ஞாபகம் வரணும்னா தேர்தல் வரணும்" என்றாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

இணைந்துவிடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். எதை இணைக்கச் சொல்கிறாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நம் வார்டு பெண்கள் பள்ளியில் கழிப்பறை கிடையாது. கொஞ்சம் பெரிய வகுப்பு வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மனு கொடுக்கப் போனோம். ஒரு கட்சிக்காரர், "உங்க ஆளுங்கதான் பொண்ணுங்களைப் படிக்கவே விடமாட்டீங்களே, அப்புறம் எதுக்குக் கழிப்பறை?" என்று கேட்டார். இன்னொரு கட்சிக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் கடிகாரக் கடை அண்ணன், "இனிமே நாமளே நிப்போம்" என்றார். கட்சி அங்கேயே, நடுரோட்டில் ஆரம்பமாகிவிட்டது. சின்னம் கேட்கப் போனால் எல்லோரும் எடுத்தது போக மிஞ்சிக் கிடந்தது பூட்டு. "எப்பப்பா கடையைப் பூட்டப் போறீங்க?" என்று ஊரே கேலி செய்தது. முதல் தேர்தலில் டெபாசிட் போயிற்று. அடுத்ததிலும் போயிற்று. அதற்கடுத்ததில் அண்ணன் ஜெயித்தார், கழிப்பறை வந்தது.

அண்ணன் வைத்த வழக்கத்தையும் நீ மறந்திருக்க மாட்டாய். எந்த முடிவானாலும் உறுப்பினர் எல்லோரும் டயர் கடை மாடியில் கூடிக் கை தூக்கித்தான். தோற்ற பக்கத்தில் முன்னால் நின்று பேசியவர்தான் அந்த முடிவை வெளியே போய்ச் சொல்ல வேண்டும். "ஜெயிச்சவன் போய்ச் சொன்னா ஊருக்கு முடிவு மட்டும்தான் தெரியும். தோத்தவன் போய்ச் சொன்னா கட்சி ஒண்ணா இருக்கிறதும் தெரியும்" என்பார். பெரிய பெரிய கட்சியெல்லாம் மூன்றாகவும் நான்காகவும் உடைந்தபோது நம் கட்சி உடையாமல் இருந்தது இதனால்தான். ஒரே ஒரு ஆள்தான் போனான். யாரென்று நான் சொல்ல வேண்டுமா?

அன்றைக்கும் இதே மாதிரி இரண்டு பக்கமும் நம் ஓட்டைக் கேட்டு வந்தார்கள். நமக்குத் துணைத் தலைவர் பதவி தருகிறவர்கள் பக்கம் போகலாம் என்று நீ பேசினாய். செங்கல் சூளைக் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் பக்கம்தான் என்று முடிவாயிற்று. சூளையில் இருப்பவர்கள் நம் சமுதாயமும் இல்லை, நம் வார்டும் இல்லை. ஆனாலும் கைகள் அப்படித்தான் எழுந்தன. முடிவைச் சொல்லிவிட்டு வா என்று உன்னை அனுப்பினோம். படியிறங்கிப் போனவன் அப்படியே பஸ் ஏறிவிட்டாய். உனக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

சரி, உன் அழைப்பைக் கூட்டத்தில் வைக்கிறேன். வைப்பது என் கடமை. கால் வலிக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே என்று உன் தங்கை எழுதச் சொன்னாள்.

தையற்கடைக்காரன்


ஜனவரி 16

மாப்பிள்ளைக்கு,

சலாம். குழாய்க் கதையை நீ எழுதாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஓட்டே கிடைக்காத சூளைக்குப் போராடிக் குழாய் வாங்கிக் கொடுத்த கட்சி வேறு எங்காவது உண்டா? அன்றைக்கும் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் இங்கே கட்சி அலுவலகத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாருக்கு எந்த இடம் என்று மணிக்கணக்காகப் பேசும்போது, அந்தக் குழாய் ஞாபகம் வந்து தொலைக்கிறது. திறந்த அன்றைக்குச் சூளைப் பெண்கள் மூடவே விடவில்லையாமே? தங்கை எழுதியிருந்தாள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்தக் காரியம் முடியாவிட்டால் என் மாவட்டப் பொறுப்பு போய்விடும். தலைவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் ஓடாய்த் தேய்ந்து வாங்கிய பதவி அது.

என்னை விடு, உங்களையே பார். கடிகாரக் கடை அண்ணன் மவுத்தாகி எவ்வளவு காலமாகிவிட்டது! மாடியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. உனக்குக் கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை என்று கேள்விப்பட்டேன். உனக்குப் பின்னால் யார்? கூட்டத்தில் வைப்பேன் என்று செயலாளராக எழுதியிருக்கிறாய். நான் கேட்பது என் மாப்பிள்ளையை. உன் மனதில் என்ன?

உன் மச்சான்


ஜனவரி 21

மச்சான்,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்கு இணையலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆச்சரியப்படாதே. உன் பதவிக்காக இல்லை. அதுவும் மனதில் இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் இல்லை. நம் பெண்கள் பள்ளியில் இன்னும் மேல் வகுப்புகள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது, பாதிப் பேர் போவதே இல்லை. போன தடவையும் நர்ஸம்மாதான் எங்கள் உறுப்பினர். ஒவ்வொரு நகரசபைக் கூட்டத்திலும் மேல் வகுப்புக்கு இடம் ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருவார். "வழிமொழிய யாராவது உண்டா?" என்று தலைவர் கேட்பார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். "தீர்மானம் விழுந்தது" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து அதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நிதானமாக உட்காருவார். எனக்குத்தான் எழுந்து கத்த வேண்டும்போல இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்த கட்சி இது. பள்ளிக்கூடம் கிடைக்குமென்றால் கட்சி போனால் என்ன? வெள்ளிக்கிழமை கூட்டம். உனக்காகப் பேசுகிறேன், என்னால் முடிந்தவரை நன்றாகப் பேசுகிறேன். துஆ செய்.

உன் மாப்பிள்ளை


ஜனவரி 29

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கூட்டம் முடிந்தது. நான் தோற்றுவிட்டேன். தோற்றவன் நான் என்பதால், வழக்கப்படி முடிவை உனக்குச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

சுமாராகப் பேசித் தோற்றேன் என்று நினைக்காதே. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், விழுந்த தீர்மானங்களைச் சொன்னேன், நரைத்த தலைகளையும் சொன்னேன். மாடி அமைதியாகக் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

முதலில் எழுந்தவர் மரக்கடையில் சுமை தூக்கும் நம் பெரியவர். "எம் பையனைத் தப்பாப் பிடிச்சு ஸ்டேஷன்ல வெச்சிருந்தப்ப ரெண்டு பெரிய கட்சிக்கும் போனேன். ரெண்டு இடத்துலயும், யாருக்கு ஓட்டுப் போட்டேன்னுதான் கேட்டாங்க. இங்க வந்தேன். பையன் சாப்பிட்டானான்னு கேட்டாங்க. எனக்கு இந்தக் கட்சி வேணும்" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அதைக் கேட்டது நான்தான், மச்சான். என் வார்த்தையை வைத்தே என்னை அடித்தார்.

பிறகு நர்ஸம்மா எழுந்தார். தலைவர் நாற்காலி யாருக்கு வரப்போகிறதோ அவரே பேசுகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "செயலாளர் சொல்றது அத்தனையும் சரி. நான் தலைவி ஆயிட்டேன்னே வெச்சுக்குவோம். நாளைக்கே அவங்க மேலிடம், பள்ளிக்கூடம் வேணாம், அந்த இடத்துல கடை கட்டுன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? இன்னைக்கு என் தீர்மானத்தை வழிமொழியத்தான் ஆள் இல்ல. அங்க போயிட்டா முன்மொழியவே ஆள் இருக்காது" என்றார்.

கடைசியாக உன் தங்கை. எழுந்ததும் எனக்குத் தெம்பு வந்தது, பைத்தியக்காரன் நான். "எங்க வீட்டுக்காரர் தைச்ச சட்டை யாருக்கும் சேராமப் போனதில்ல. இந்த ஒண்ணு நமக்குச் சேரல" என்றாள். மாடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் எழுந்த கைகளை எண்ணச் சிரமமே இல்லை. நீ கேட்டாயே எனக்குப் பின்னால் யார் என்று. எனக்கு முன்னாலேயே அத்தனை பேர் இருக்கிறார்கள்.

முடிவு இது. இணைப்பு இல்லை, பதவியும் வேண்டாம். பள்ளிக்கூடத் தீர்மானத்தை வழிமொழிவோம் என்று தலைவர் தேர்வுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களுக்கு நர்ஸம்மாவின் ஓட்டு. உங்களுக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். எப்படியாவது உங்கள் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடு. உன் பொறுப்பும் தப்பும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் படியில் இறங்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மச்சான். என்னையே தோற்கடிக்கத் தெரிந்த கட்சியில் இருக்கிறேன். கை தூக்கும்போது உன் தங்கை அழவில்லை. வீட்டுக்கு வந்து உன்னை நினைத்துத்தான் அழுதாள். அவள்மேல் கோபப்படாதே.

உன்மேல் மாறாத பிரியத்துடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 18

அன்பு மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபம்தான் காரணம். உன்மேல் கோபம், தங்கைமேல் அதைவிடக் கோபம். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றுகூட இங்கே சொல்லிவிட்டேன். "சரி, அப்ப எதுக்கு அந்த லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீங்க?" என்று வீட்டில் கேட்டாள்.

உன் கடிதத்தைத் தலைவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டார். "அந்த மாடியில எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார். "ஒரு மாடி நிறைய இருப்பாங்க" என்றேன். "ஒரு மாடிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?" என்று எழுந்து போய்விட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் ரோஷம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள், நகரசபையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. யாரும் கை தூக்கவில்லை. எங்களிடம் அந்த வழக்கமெல்லாம் கிடையாது.

போன வாரம் பேப்பரில் உங்கள் நகரசபைச் செய்தி ஒரு மூலையில் வந்திருந்தது. பெண்கள் பள்ளிக்கு மேல் வகுப்பு, நர்ஸம்மா முன்மொழிய இன்னொரு உறுப்பினர் வழிமொழிந்தார், நிறைவேறியது. நாலு வரிதான். சத்தமாகப் படித்தேன். வழிமொழிந்தார் என்ற வார்த்தைக்கு அடியில் பேனாவால் கோடு போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? தங்கையிடம் சொல், அவள் பேசியது சரி. அவள் என்னிடம் ஒரு சண்டை பாக்கி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

திரும்பிக் கட்சிக்கு வா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. எனக்குத் தோற்க வராது. உங்கள் மாடியில் என்னால் ஒரு மாதம் தாங்க முடியாது. இங்கேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று ரயிலில் பக்கத்தில் இருந்தவர் அரசியல் பேசிக்கொண்டே வந்தார். நடுவில், "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவேன். நேற்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது.

உன் மச்சான்