எர்த் இல்லாத லைன்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் கரி போகவில்லை. ஈரக் கரியும் கல்லுப்பும் சேர்ந்த அந்த வாசனை விரலிலேயே நிற்கிறது. இன்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் புதிதாக எர்த் குழி வெட்டினார்கள். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிக் கொட்டியதில் என் கையும் உண்டு. உனக்குக் கோபம் வரும். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். ஃபிரிட்ஜைத் தொட்டால் உன் பாப்பாவுக்குச் சுர்ரென்று அடிக்கிறதாம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நீ. உன் வீட்டு ஃபிரிட்ஜை மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும். இந்த லட்சணத்தில் ஊருக்கெல்லாம் பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் வேறு. “வெள்ளிக்கிழமை ஒயர்மேன் வராருண்ணா. எர்த் குடுத்துட்டா கிட்டார் பொட்டில வர்ற அந்தச் சத்தம் இருக்காது. அதுக்கு முன்னாடி வந்து எங்க வூட்டுக்காரரு வுட்டுட்டுப் போன வேலைய முடிச்சிக் குடுத்துடுங்க” என்றாள் ஸ்டெல்லா. இரண்டு வருடமாக அவள் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. கேட்காமலிருந்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அவள் சொன்ன வேலை, நம் ஆல்பத்தின் நான்காவது உருப்படி. அதில் நீ உன் பங்கை வாசித்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். என் பங்கு பாக்கி.

நம் ஆல்பத்தைப் பற்றி யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. இரண்டு கிட்டார், பாட்டுக் கிடையாது, தாளம் அனேகமாகக் கிடையாது, அடியாழத்தில் ஒரே சுரம் இருபது நிமிடம் நகராமல் நிற்கும், அதன் மேல் இன்னொன்று மெல்ல உழுதுகொண்டு போகும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ட்ரோன் என்றும் டூம் மெட்டல் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏனாத்தூரில் என்னோடு கம்ப்யூட்டர் லேபில் வேலை செய்பவர் ஏழு நிமிடம் மரியாதையாகக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, “சார், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார். உன்னிடம் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாய்.

உன்னை முதலில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சவுண்ட் செட் போட வந்திருந்தாய். பெட்டிகளைச் சோதிக்கிறேன் என்று சர்ச்சில் வாசிக்கும் கிட்டாரை மாட்டி, தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது அடங்கும்வரை கண்ணை மூடி நின்றாய். சமையல்கட்டில் அண்டா அதிர்ந்தது. பெண் வீட்டார் ஓடிவந்து கத்தினார்கள். நான் மட்டும் இலையை விட்டு எழுந்து வந்து, இன்னொரு முறை தட்டச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கையை முதலில் கழுவிக்கொண்டு வரச் சொன்னாய். அதற்குப் பிறகு பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சர்ச் முடிந்ததும் என் பைக் காலனிக்குள் நுழையும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோயில் மடப்பள்ளி வேலை. நான் எங்கே போகிறேன் என்று அப்பா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ என்னைக் கோயில் வூட்டுக்காரன் என்றே கூப்பிட்டாய். உன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்ட பிறகும் அந்தப் பட்டத்தை எடுக்கவில்லை.

உன் முன்னறையில் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பைப் போட்டதுமே ம்ம்ம் என்று ஒரு சத்தம் வரும். பழைய எர்த் குழி காய்ந்து கிடந்ததால் வந்த சத்தம். காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்து வயல் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் அது இன்னும் தடிக்கும். பதிவில் அது விழுவது எனக்கு எரிச்சல். நீயோ கண்டுகொள்ளவே இல்லை. எனக்குத்தான் எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டுமே. ஒரு ஞாயிறு நீ முதல் உருப்படியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் போய் எட்டுக் குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றினேன். சத்தம் தேய்ந்து காணாமல் போயிற்று. பெருமையாக உள்ளே வந்தால் நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாய்.

“இன்னா பண்ண நீ?”

தண்ணீர் ஊற்றினேன் என்றேன்.

“நான் கம்பியெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான்யா சுருதி கட்டி வச்சிக்கீறேன். உங்க கோயில்ல ஒத்து ஊதுறவர எழுப்பி வூட்டுக்கு அனுப்பிட்டு நாயனம் கேப்பியா?”

எனக்கு அவமானமாகிவிட்டது. கருவியால் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவன் நான். நீ முதல் நாளிலிருந்து மின்சாரத்தோடு சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதனால்தான் நம் இரண்டு கிட்டாரும் ஒரு மயிரிழை ஒட்டாமலே இருந்திருக்கின்றன. குழி மறுபடி காயப் பதினோரு நாள் ஆனது. அத்தனை நாளும் நீ வானத்தைப் பார்த்து, மழை வந்தால் என்னைத் தொலைத்துவிடுவதாகச் செய்தி அனுப்பினாய். ஸ்டெல்லா தன் பங்குக்கு, தண்ணீர்க் குடத்தை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அப்புறம் வாசித்தோமே, அது வேறு. வீட்டுக் கூரை ஷீட், அலமாரி டம்ளர், என் நெஞ்செலும்பு எல்லாம் ஒரே சுரத்தில் நின்றன. ஆனாலும் எனக்குக் கை ஊறும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேறு சுரத்துக்குத் தாவுவேன். நீ தலையைத் தூக்காமலே சொல்வாய்: “மாத்தாத. அதுவே மாறும்.” எத்தனை முறை சொல்லியிருப்பாய். மாறாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறாவது நிமிடத்தில் அதற்குள்ளிருந்து வேறொரு குரல் எழும்பி வரும். அதை எனக்குக் காட்டியவன் நீதான்.

மூன்று உருப்படி முடிந்தபோது உனக்குக் கிட்னி போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். அங்கிருந்தும் வம்புதான். மெஷின் நம் கரண்ட் லைன் சத்தத்துக்குக் கால் சுருதி மேலே பாடுகிறது, மண்டை காய்கிறது என்று செய்தி வரும். இடது கையில் ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் கிட்டார் கம்பியை அழுத்த முடியாது. நான் ஆல்பத்தை மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். அடுத்த ஞாயிறு வந்தபோது ஆறு கம்பியையும் லைன் சத்தத்துக்கே கட்டி வைத்திருந்தாய். அமுக்க வேண்டிய அவசியமே இல்லை, வலது கை போதும் என்றாய். இருபத்திரண்டு நிமிடம் தட்டித் தட்டி அடங்கவிட்டாய். பதினான்காவது நிமிடத்தில் உன் குரலும் அதில் இருக்கிறது. “இங்க நீ வந்துடு.”

நான் வரவில்லை. அடுத்த வாரம் என்றேன், அதற்கடுத்த வாரம் என்றேன். நான் வாசித்து முடித்தால் நீயும் முடிந்துவிடுவாய் என்று ஒரு மூடப் பயம். வாசிக்காவிட்டாலும் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றேன், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்கும் அவசரப்படுகிறவன் இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஏனாத்தூர் வீட்டில் முயன்றேன். அங்கே எர்த் சுத்தமாக இருக்கிறது, ஆம்ப் மூச்சு விடாது. உன் பதிவிலிருந்த லைன் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தேன். உன் கிட்டார் துணையில்லாமல் தனியே அழுதது. அழித்ததை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

இன்று ஒயர்மேன் வந்து காத்திருந்தார். குழி தயார், கம்பி இணைப்பதுதான் பாக்கி. இந்த அண்ணன் உள்ளே வேலை முடித்து வரும்வரை தொடக்கூடாது என்று ஸ்டெல்லா வாசலில் நாற்காலி போட்டு அவரைக் காவல் காத்தாள். உன் கிட்டாரையே எடுத்துக்கொண்டேன். ஆம்பைப் போட்டேன். ம்ம்ம். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது, மறைக்க ஆளும் இல்லை. ஆறு கம்பியையும் அதற்கே கட்டினேன். ஹெட்போனில் உன் பதிவு ஓடியது. “இங்க நீ வந்துடு” என்றாய். வந்தேன். மாற்றவில்லைடா. கை ஊறியது, மாற்றவில்லை. ஆறாவது நிமிடத்தில் அது தானாக மாறியது.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா, “முடிஞ்சிச்சாண்ணா?” என்றாள். முடிந்தது என்றேன். அவள் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஒளித்து வைத்திருந்த குடம் இதுதான் என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒயர்மேன் கம்பியை இணைத்தார். நான் குழியில் தண்ணீர் ஊற்றினேன். முன்னறையில் அணைக்காமல் விட்டு வந்திருந்த ஆம்ப் அமைதியானது. பாப்பா வெறுங்காலோடு போய் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் செய்யவில்லை என்று காட்டினாள். இதற்கு உனக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன்.

கிட்டாரை நான் எடுத்துப் போக வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதமாகக் கொடுத்தனுப்பினாள். இப்போது என் மடியில் இருக்கிறது. ஆம்பில் மாட்டவில்லை. ஆறு கம்பியையும் ஒரு முறை தட்டினேன். உன் வீட்டிலேயே இல்லாமல் போன அந்தச் சத்தத்துக்கு அவை இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. கம்பியை முறுக்கும் பிருடையில் நான் கை வைக்கவில்லை.