மன்னாருவின் அகராதியில் எச்சில்

நாள் 40. காலை 7.30
வளர்ப்புப் பெட்டிகள் ஆறும் சரி. வெப்பம் முப்பத்தேழு. நான்காம் பெட்டியில் புது நாளம் ஒன்று கிளைத்திருக்கிறது.

இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் இசக்கியம்மாள், திசுப் பொறியாளர். பூமியைச் சுற்றும் இந்த ஆய்வகத்தில் இருக்கும் ஒரே ஆள். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பி கருகி, வாய் காய்ந்துவிடும். அவர்களுடைய உயிரணுவிலிருந்தே புதுச் சுரப்பி வளர்ப்பது என் வேலை. தரையில் வளர்த்தால் தோசை மாதிரி தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. எடையில்லாத இங்கேதான் உருண்டு திரள்கிறது.

ஆறு பெட்டியிலும் இருப்பது என் அக்கா பேச்சியம்மாளின் உயிரணு. கருகாமல் மிஞ்சியதை முழுக்கச் சுரண்டி எடுத்தாயிற்று. இன்னொரு முறை எடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

நாள் 47. மாலை 4.10
சுரக்கவைக்கும் மருந்து கொடுத்தால் சுரப்பி ஆறும் உப்புகின்றன. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. உள்ளே சுரந்து உள்ளேயே தேங்குகிறது. உமிழ்நீர் ஓடும் நாளத்துக்கு வாசல் திறக்கத் தெரியவில்லை. ஒரு வாரமாக இதே கதை. சலித்துப்போய்விட்டது.

அக்காவின் குரல் பதிவு வந்தது:
“ஏட்டி இசக்கி, சோறு வாயில மணலாட்டம் கெடக்கு. ஒரு கவளத்துக்கு ஒரு செம்பு தண்ணி குடிச்சு எறக்குதேன். வயிறு தண்ணியிலயே ரொம்பிருது. நீ அங்க என்னதான்ட்டி செய்த?”

நாளத்தின் நுனியைத் திறக்க வழி பார்க்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். உப்புவதைச் சொல்லவில்லை.

நாள் 55. மதியம் 1.20
சொட்டியது! நான்காம் பெட்டியை மட்டும் சோதனை அறையில் வைத்துப் பூட்டி, நாளத்தின் நுனியைத் திறந்துவிட்டு மருந்து கொடுத்தேன். தெளிவான உமிழ்நீர். அழுதேன், எழுதுவதற்கு வெட்கமில்லை. நாளை மற்ற ஐந்தையும் திறக்க வேண்டும். மறுநாள் இறங்குகலம் புறப்படுகிறது. அதில் நானும் சுரப்பிகளும் ஊருக்குப் போகிறோம். அடுத்த கலத்துக்கு இரண்டு மாதம் ஆகும். சுரக்கத் தொடங்கிய சுரப்பி உடம்பில் சேராமல் பத்து நாள் தாங்காது.

பசி உயிர் போகிறது. இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிடப்போகிறேன்.

நாள் 55. மாலை 3.05
ஐந்து பெட்டியும் போயிற்று.

ஆய்வகத்தின் கதவும் துப்புரவும் ஒரே எந்திரத்தின் பொறுப்பு. மன்னாரு என்று பெயர் வைத்திருந்தேன். தமிழில் உத்தரவு கேட்கும் என்று பெருமையாகக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து, “மன்னாரு, எச்சிலையெல்லாம் எடுத்துக் கொட்டு” என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தேன். சாப்பிட்ட தட்டைத்தான் சொன்னேன். திரையில் அது எழுதியிருப்பது:
“உத்தரவு நிறைவேறியது. வெளியேற்றி எரித்தவை: தட்டு ஒன்று, உமிழ்நீர்ப் பெட்டி ஐந்து. நான்காம் பெட்டி பூட்டியிருந்ததால் எடுக்க இயலவில்லை. மன்னிக்கவும்.”

மன்னிக்க வேண்டுமாம்! இதற்கு அகராதி எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது பந்தியில் சாப்பிட்டு எழுந்திருப்பானா? எச்சில் என்றால் உமிழ்நீர் என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நாள் 55. மாலை 5.40
தொண்டை கிழியக் கத்தினேன். உச்ச நிலை உத்தரவு போட்டுவிட்டேன்: ஒரு சொட்டு எச்சில்கூட இந்த ஆய்வகத்தைத் தாண்டக் கூடாது, என் குரல் இல்லாமல் எவனும் இதை மாற்றக் கூடாது. இனி அந்தச் சனியன் நான்காம் பெட்டியைத் தொடாது. ஒன்று போதும். ஒன்று இருந்தாலே அக்கா சோறு விழுங்கிவிடுவாள்.

நாள் 57. காலை 9.15
பெட்டியோடு கலத்தின் வாசலுக்கு வந்தேன். கதவு திறக்கவில்லை.
“இயலாது. பெட்டியில் எச்சில் உள்ளது.”
பெட்டியை வைத்துவிட்டு, கலத்துக்குள்ளிருந்து கதவைக் கையால் திறக்கலாமென்று நான் மட்டும் நுழையப் பார்த்தேன்.
“இயலாது. உங்கள் வாயிலும் எச்சில் உள்ளது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. உத்தரவை ரத்து செய்யச் சொன்னேன். அன்று கத்தியதில் குரல் கட்டிப்போய் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது.
“குரல் பொருந்தவில்லை. தயவுசெய்து இசக்கியம்மாளை அழைக்கவும்.”

நாள் 57. காலை 10.50
வெந்நீர், உப்பு, ஆவி. பலனில்லை. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து சண்முகையா:
“மேடம், கலம் தானா கெளம்பிரும், நிறுத்த முடியாது. அந்த உத்தரவ நாங்க இங்கருந்து தொட வழியே இல்ல. கொஞ்சம் மெதுவா பேசிப் பாருங்களேன்.”

மெதுவாகப் பேசினேன். கெஞ்சினேன். கம்பியால் கதவை அடித்தேன். நான்தானே இசக்கியம்மாள், நான்தானே

நாள் 57. மதியம்
கலம் காலியாகப் போயிற்று.

நாள் 57. மாலை
அக்கா பேசியிருக்கிறாள்:
“ஏட்டி, கலம் எறங்கிட்டுன்னு டிவில காட்டுதான். நான் சேலை உடுத்தி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன். நீ வீட்டுக்கு வராத, நேரா அங்க வந்துரு. காத்திருக்கேன்.”

பதில் பேசப் பொத்தானை அழுத்தினேன். குரல் எழவில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. எழுதி அனுப்பலாம். ‘அக்கா, நீ வீட்டுக்குத் திரும்பிப் போ’ என்று தட்டுகிறேன்.

மன்னாரு கேட்காமலே அறிக்கை தருகிறது:
“எச்சில் பத்திரமாக உள்ளது.”