குவியலில் கிடந்த செருப்பு

மராகேஷ்
1971 அக்டோபர் 24

தாமஸ்ரா ஊர் யெத்தோவுக்கு, பிஹியின் ஸலாம். உன் வீட்டிலும் தோட்டத்திலும் நலம் நிறையட்டும்.

நீ ஏற்றிவிட்ட பேரீச்சை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. கணவாயில் பனி விழுந்ததால் டிரைவர் ஹம்மு லாரியை ஆமையாக ஓட்டினான். மேல் பெட்டிகளில் நல்ல பழம். அடிப் பெட்டிகளில் சின்னப் பழம் வைத்திருந்தாய். பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன், அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது என் நல்ல காலம். இல்லாவிட்டால் இதை உங்கள் ஊர் மௌலவி முதலில் படித்துத் தொண்டையைக் கனைத்திருப்பார்.

என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. உன் புருஷன் காலமான வருஷத்தில்தான் நீ முதன்முதலாகத் தோட்டத்துக் கதவருகே நின்று என்னிடம் பேரம் பேசினாய். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. அன்றிலிருந்து ஒவ்வொரு பேரீச்சை அறுப்புக்கும் ஸகோராவைத் தாண்டியதும் லாரியை நிறுத்திச் சட்டை மாற்றிக்கொள்கிறேன். இந்தத் தடவை ஹம்மு கேட்டேவிட்டான்: "மொதலாளி, பேரீச்சம்பழம் வாங்கப் போறதுக்கு எதுக்கு அத்தர்?"

விற்கிறவன் சரக்கின் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடைவாய்ப் பல் இல்லை. கோபம் வரும், வந்த வேகத்தில் போகும். குறட்டை உண்டு. பட்டணத்தில் கடையும் வீடும் உண்டு. நீ இங்கே வரமாட்டேன் என்றால் நான் தாமஸ்ராவில் இருந்துகொண்டே வியாபாரத்தைப் பார்ப்பேன்.

என்னைக் கட்டிக்கொள்வாயா? பதிலை பஸ்காரனிடம் கொடுத்தால் கடைக்கு வந்துவிடும்.

பிஹி


தாமஸ்ரா
1971 நவம்பர் 9

வியாபாரி பிஹிக்கு, யெத்தோவின் ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். சித்தி ரொட்டிக்கு மாவெடுக்க வந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. காகிதத்தைத் தட்டிவிட்டுப் படித்தால் இன்னும் மாவு உதிர்கிறது.

சின்னப் பழம் வைத்தது உண்மைதான். விலையை அடித்துக் குறைத்தால் பழமும் குறையும்.

குறட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். தண்ணீர் முறை வரும் நாட்களில் நான் வாய்க்கால் மடையில் இருப்பேன், எனக்குக் கேட்காது. மற்ற நாட்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இந்தத் தோட்டத்தை விட்டு நான் வர மாட்டேன். நான் சொல்லாமலே அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

அப்பா இல்லாத எனக்குச் சித்தப்பா பாஸ்ஸு வைத்ததுதான் சட்டம். ஆலிவ் பறிப்பு முடிந்ததும் வந்து அவரிடம் கேளுங்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் சர்க்கரைக் கூம்புகளை நீலக் காகிதம் கிழியாமல் கொண்டுவாருங்கள். எங்கள் பெண்கள் தட்டிப் பார்ப்பார்கள், உடைந்தது இருந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். டீ நல்லதாக இருக்கட்டும், நீங்கள் கடையில் விற்கும் தூசி வேண்டாம்.

அத்தர் தேவையில்லை. டீசல் வாசனை எனக்குப் பழகிவிட்டது.

யெத்தோ


ஸகோரா
1971 டிசம்பர் 19

யெத்தோவுக்கு,

நீ உள்ளே பெண்களோடு இருந்தாய். சித்தப்பா உன்னிடம் எவ்வளவு சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

டீயை நல்ல மனதோடுதான் ஊற்றினார். லாரி, மழை, ஆலிவ் எல்லாம் பேசினோம். சர்க்கரையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, முகமும் மலர்ந்தது. பிறகு முறைப்படி கேட்டார்: "நீ யாரு மகன் தம்பி? யாரு பேரன்?"

இத்தனை வருஷமாக உங்கள் ஊருக்கு வருகிறேன். மராகேஷ் பிஹி என்பதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. சரக்கு வாங்குகிறவனுக்குத் தாத்தா எதற்கு? மலையில் இகுனான் ஊர், தாத்தா பேர் யிதிர் என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இகுனானா?"

"ஆமா. சின்ன வயசுலயே அங்கேருந்து பட்டணத்துக்கு வந்துட்டேன்."

"அந்த ஊர்க்காரன்கிட்டயா இத்தன வருஷம் எங்க பொண்ணு பேரம் பேசிச்சு?" என்று தன் மகனைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சர்க்கரைய எடுத்துட்டுப் போப்பா. கோவிச்சுக்காத. நீ அவளுக்கு அண்ணன் முறை."

பால் சத்தியம் என்ற ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டேன். வெட்டுக்கிளி வந்த பஞ்சத்தில் உங்கள் ஊரும் எங்கள் ஊரும் மேய்ச்சலுக்காக ஒருவரையொருவர் கொன்றுகொள்ளும் நிலைக்குப் போய்விட்டனவாம். கடைசியில் ஒரு தர்காவில் கூடி, இரண்டு ஊர்த் தாய்மார்களின் பாலைத் தெளித்த கூஸ்கூஸை எல்லோரும் ஒரே தட்டில் தின்றார்களாம். வீட்டுக்கு ஒருவர் வலது செருப்பைக் கழற்றிப் போர்வைக்கு அடியில் குவித்து, ஊருக்கு ஒன்றாக ஜோடி சேர்த்து எடுத்தார்களாம். குவியலில் செருப்புப் போட்ட வீடுகளெல்லாம் அன்று முதல் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள். பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பொய் சொல்லக் கூடாது. கேட்டதை மறுக்கக் கூடாது.

"மார்க்கத்துல இதுக்குத் தடை இல்லையே, காஜிகிட்ட வேணா கேப்போம்" என்றேன்.

"காஜி அங்க இருக்காரு. நாங்க இங்க இருக்கோம்" என்றார்.

திரும்பும் வழியில் லாரி நின்ற ஒவ்வொரு தோட்டத்திலும் விசாரித்தேன். எல்லா ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஒரு டீக்கடையில் சொன்னார்கள்: ஒருவன் கழுதை திருடப் போனானாம். அது பால் சத்தியத்து வீடு என்று தெரிந்ததும் கதவைத் தட்டி, "அண்ணே, கழுத திருட வந்தேன்" என்றானாம். வீட்டுக்காரன் கழுதையைக் கொடுத்து, "சேணத்த மறந்துட்டுப் போறியே" என்று அதையும் கொடுத்தானாம். கடையே சிரித்தது. ஆனால் இது கட்டுக்கதை என்று ஒருவனும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் இகுனானுக்குப் போகிறேன். தாத்தா ஆடு மேய்த்தவர், பாதி வருஷம் ஊரில் இருக்கமாட்டார். அவர் செருப்பு அந்தக் குவியலில் இல்லாமலும் இருந்திருக்கலாம். பொறுத்திரு.

பிஹி


தாமஸ்ரா
1972 ஜனவரி 8

பிஹிக்கு,

சித்தப்பா கெட்டவர் இல்லை. அன்று அவரும் சாப்பிடவில்லை. "அந்தப் பையன எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு" என்று சித்தியிடம் சொன்னார். உங்களைப் பையன் என்றதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

வாய்க்காலில் துணி துவைக்கும் இடத்தில் என்னைத்தான் அலசுகிறார்கள். "என்னடி யெத்தோ, அண்ணனையே கட்டிக்கப் பாத்தியாமே." "அவ என்ன பண்ணுவா, அண்ணன் அத்தர் போட்டுக்கிட்டு வந்தா?" ஹம்மு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது.

சித்தப்பாவோடு சண்டை போட்டேன். கடைசியில் இறங்கி வந்தார். "அவன் தாத்தா செருப்புப் போடலேன்னா ஊருக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. சாட்சியக் கூட்டிட்டு வரட்டும்" என்றார்.

"சாட்சி எதுக்கு? அவரே எழுதட்டும். அது போதும்" என்றேன்.

"வியாபாரி பேச்ச நம்பியா?"

"விலைன்னா பொய் சொல்லுவாரு. இதுல சொல்லமாட்டாரு."

ஊர்ப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். செருப்பு இருந்தது, இல்லை, இரண்டில் எது உண்மையோ அதை எழுதுங்கள். ஊர்க் கூட்டத்தில் நானே படிக்கிறேன். சத்தியத்தை மீறினால் வாய்க்கால் வற்றிவிடும் என்று இங்கே சொல்வார்கள். அதை நம்புகிறேனா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுவதை நம்புவேன்.

இல்லை என்று வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

யெத்தோ


தாலியுயின்
1972 பிப்ரவரி 2

யெத்தோவுக்கு,

மலையிலிருந்து இப்போதுதான் இறங்கினேன். பனியில் லாரி ஏறாததால் கழுதையில் போய் வந்தேன். இகுனானில் என்னை யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எவனோ வைக்கோல் அடைத்திருக்கிறான். வாடகை கேட்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த நாளைப் பார்த்தவர்களில் உபெல்லா என்ற கிழவர் மட்டும் மிச்சம். அப்போது அவர் சின்னப் பிள்ளையாம், போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். யிதிர் அன்றைக்கு அங்கே இருந்தாரா என்று கேட்டேன்.

"ஒனக்கு எது வேணும், இருந்தாரா, இல்லையா?" என்றார்.

"என்ன கேக்கறீங்க?"

"பொண்ணு விஷயமாத்தானே வந்திருக்கே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இல்லேன்னு சொல்லணுமா, சொல்லிடறேன். எனக்குப் போற வயசு. அங்க போய் நானே பதில் சொல்லிக்கறேன்."

"நடந்தது என்ன, அதச் சொல்லுங்க."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார். "கிழிஞ்ச செருப்பு. வாருக்கு ஆட்டுத்தோல முடிஞ்சு வச்சிருந்தாரு. 'இதையுமா போடப்போற யிதிர்'னு எல்லாரும் சிரிச்சாங்க. 'செருப்புதானப்பா கிழிஞ்சிருக்கு, வாக்கு கிழியல'ன்னு சொல்லிட்டுப் போட்டாரு."

கிழவரை நான் கெஞ்சவே தேவையிருக்கவில்லை. நீயும் சாட்சி கேட்கவில்லை. இறங்கி வரும்போது, சத்திரத்தில் உட்கார்ந்து, "இல்லை" என்று உனக்கு ஒரு கடிதம் எழுதியும் முடித்தேன். நல்ல கடிதம். நானே நம்பியிருப்பேன்.

ஒவ்வொரு வருஷமும் மராகேஷில் விலை விழுந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ நம்பாமல் சிரிப்பாய். நம்பாதவளிடம் சொல்லும் பொய்க்குப் பேர் பேரம். நம்பிக் காத்திருப்பவளிடம் சொன்னால் அதற்கு என்ன பேர்? அந்தச் சரக்கை உன் தலையில் கட்டிவிட்டு, உன்னோடு உட்கார்ந்து ஆயுள் முழுக்க நானும் அதைத்தான் தின்ன வேண்டும். கடிதத்தைச் சத்திரத்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இருந்தது, யெத்தோ. என் தாத்தாவின் செருப்பு அந்தக் குவியலில் இருந்தது. கூட்டத்தில் படி.

உனக்கு மட்டும் ஒன்று. காஜியிடம் கேட்டுவிட்டேன், மார்க்கத்தில் தடை இல்லை என்கிறார். மராகேஷில் வந்து இருந்தால் நம்மை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நீ தோட்டத்தை விட்டு வரமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். முடிவு உன்னுடையது.

பிஹி


தாமஸ்ரா
1972 மார்ச் 3

அண்ணன் பிஹிக்கு, தங்கை யெத்தோவின் ஸலாம்.

கூட்டத்தில் படித்தேன். படித்து முடித்ததும் சித்தப்பா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அன்றிலிருந்து வாய்க்காலில் யாரும் கேலி பேசுவதில்லை. பேசினாலே தேவலை என்று இருக்கிறது.

கடைசிப் பகுதியைப் படிக்கவில்லை. அது என்னோடு இருக்கிறது. மராகேஷில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது சரி. நான் என்னைக் கேட்பேனே.

நீங்கள் பொய் எழுதியிருந்தால் இந்நேரம் எனக்கு மருதாணி இட்டிருப்பார்கள். அதை நினைக்காத நாளில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

பால் சத்தியத்துத் தங்கை கேட்டதை அண்ணன் மறுக்கக் கூடாது. ஒன்று கேட்கிறேன். இனி அறுப்புக்கு நீங்கள் வராதீர்கள். ஹம்முவை அனுப்புங்கள். தோட்டத்துக் கதவருகே உங்களை நிறுத்தி வைத்து அண்ணா என்று கூப்பிட என்னால் முடியாது. கூப்பிடாமலும் இருக்கக் கூடாது. எழுதத்தான் வருகிறது.

யெத்தோ


மராகேஷ்
1972 அக்டோபர் 11

தங்கை யெத்தோவுக்கு,

இதைக் கொண்டுவருவது ஹம்மு. நீ சொல்வதுதான் விலை, எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை வைத்திருக்கிறேன். உன் கையால் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்றும் அவனிடம் சொன்னேன். திரும்பி வந்து அதைப் பற்றி என்னிடம் பேசாதே என்றும் சொன்னேன்.

நீ கேட்டதைக் கொடுத்துவிட்டேன். தெற்குப் பாதையை அவனுக்கே விட்டுவிட்டேன்.

இந்தச் சத்தியம் இரண்டு பக்கத்தையும் கட்டுமாம், உபெல்லா சொன்னார். அண்ணன் கேட்டால் தங்கையும் மறுக்க முடியாதாம். எனக்கும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. அது என்ன என்று உனக்குத் தெரியும், கூட்டத்தில் நீ படிக்காமல் வைத்துக்கொண்டது. கேட்டால் நீ கொடுத்தே ஆக வேண்டும்.

கேட்கவில்லையம்மா.

உன் அண்ணன்
பிஹி