குளக்கட்டுத் தம்பியின் அம்மா

என் அருமை அண்ணே,

நீ போய் ஒரு வருடமாகிறது, உன் ஆட்டைத் திவசம் நெருங்குகிறது. உன் போன் மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. அம்மா அதைச் சார்ஜ் இறங்க விடுவதில்லை. அதனால் உன் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கிறது. நீ செத்தபோது மெழுகுதிரிப் படம் போட்ட ஒருவரே போன மாதம், "தம்பி, நீர் நிக்கிறீரோ?" என்று கேட்டு எழுதியிருந்தார். நான் திறந்து வாசித்துவிட்டேன், வாசித்தது அவருக்கும் தெரிந்திருக்கும். பாவம், மனிதர் பயந்திருப்பார். என்ன பதில் போடுவது, நீயே சொல்.

போன கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் உன் குரல். "வணக்கம் உறவுகளே, இண்டைக்கு நாங்கள் வந்து நிக்கிறது..." சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போன் சோற்றுப் பானையில் சாய்ந்திருந்தது. ஒரு வீடியோ முடிய அது தானாகவே அடுத்ததைப் போடுகிறது. நீ ஒருவர் வளவிலிருந்து இன்னொருவர் வளவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறாய், நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

"கொரலு நம்ம புள்ளதுதான். பேச்சு யாரோ வீட்டுப் புள்ள மாதிரி இருக்கேடி," என்றார் அம்மா.

"வெளியில நாங்க அப்படித்தான்ம்மா பேசுவோம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். நீ நெடுங்கேணியில் கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டியவன். வேலையில்லாத பின்னேரங்களில் ஊர் முகநூல் குழுவுக்கு வீடியோ எடுப்பாய். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து, "எங்கட காணியை ஒருக்காப் போய்ப் பாத்துப் படம் எடுத்து விடுங்கோ" என்று கேட்பார்கள். நீ கத்தியால் பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போய், தூர்ந்த கிணறு, ஓடில்லாத வீடு, அவர்களுடைய அப்பு நட்ட பலா என்று எல்லாவற்றையும் காட்டுவாய். அவர்கள் அங்கே அழுவார்கள். உன் முகத்தை ஒருநாளும் காட்டியதில்லை. குரலும் கத்தி பிடித்த கையும்தான். பெயர் குளக்கட்டுத் தம்பி, முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு மருதமரம்.

முகம் தெரியாத இடத்தில் எல்லாரும் சமம் என்று என் கடைக்கு வருகிற பெடியங்கள் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். கொமினிகேசன் கடையில் ரீலோட் போடுவதும் போட்டோக்கொப்பி அடிப்பதும் போக, மறந்த கடவுச்சொல்லை மீட்டுக் கொடுப்பதுதான் எனக்கு முக்கால்வாசி வேலை. ஊரின் முகநூல் முழுக்க என் கண்ணுக்குள்ளால்தான் போகிறது. முகத்தை மறைத்தால் சனம் கேட்கிற முதல் கேள்வி, "நீர் ஆற்றை மகன்?" யாருடைய பிள்ளை என்பதுதான். நீ அதற்கு, "எல்லாரும் எங்கட ஆக்கள்தானே" என்று மழுப்புவாய். பதில் கிடைக்காவிட்டால் சனம் சும்மா இருக்குமா? தானே ஒரு பதிலைச் செய்துகொண்டது.

ஒரு காலத்தில் ஊருக்கே அதிகாரியாயிருந்த விதானையாரின் வீட்டு வளவைக் காட்டிய வீடியோவில், "இந்த வளவுக்கைதான் நான் விளையாடி வளந்தனான்" என்றாய். அதில் பொய்யில்லை. அம்மா அங்கே நெல் குத்தப் போகும்போது நம் இருவரையும் மாமரத்தடியில் விட்டுவிடுவார். கேட்ட சனம் உன்னை அந்த வீட்டுப் பேரனாக்கிவிட்டது. "குரலிலையே எங்கட வீட்டுச் சாடை இருக்கு" என்று அந்த வீட்டு அக்கா ஒருவர் நோர்வேயிலிருந்து எழுதினார். குரலில் சாடை! நானும் நீயும் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். நீ மறுத்து ஒரு சொல் எழுதவில்லை. ஓர் இதயம் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இன்னொன்றுக்கும் இதயம் போட்டிருக்கிறாய். நீ போன பிறகுதான் கண்டேன். காட்டைப் பற்றிய வீடியோவின் கீழே ஒருவர், "தோட்டக்காட்டார் வந்து இறங்கின பிறகுதான் எங்கட காடெல்லாம் அழிஞ்சது" என்று எழுதியிருந்தார். நம்மைத்தான். மலையில் இனக்கலவரத்தில் அடி விழுந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து அறையை விட்டு ஓடிவந்து, இந்தக் காட்டோரத்தில் குடிசை போட்ட நம் தாத்தாவைத்தான். ஏன் அண்ணே அதற்கு இதயம்? விரல் தவறிப் பட்டதா? பயமா? அல்லது அந்த நேரத்தில் நீ உண்மையாகவே விதானையார் பேரனாக இருந்தாயா? எத்தனை தரம் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது உன் போனிலிருந்து நான்தான் குழுவுக்கு அறிவித்தேன். நிர்வாகி தவம் அண்ணர் உடனே கதைத்தார். "பிள்ளை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நோட்டீசை நாங்கள் வடிவாச் செய்து போடுறம்." தாய் தகப்பன் பெயரை அவர் கேட்கவில்லை. அவர்கள் செய்து போட்டதை நான் ஒழுங்காக வாசிக்கவுமில்லை. அன்றைக்கு யாருக்கு அந்த மனம் இருந்தது?

முந்தாநாள் தவம் அண்ணர் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை அனுப்பியிருந்தார், நாளைக்குக் குழுவில் போடுவதற்கு. மருதமரம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். நான் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்து, "அன்னார் காலஞ்சென்ற விதானையாரின் அன்புப் பேரனும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"பெத்தவ பேரு எங்கடி?"

"இல்லம்மா."

அப்பா போனது சண்டையின் கடைசி மாதங்களில். அவருக்கு நோட்டீஸ் அடிக்க அச்சகமும் இருக்கவில்லை, ஒட்ட மதிலும் இருக்கவில்லை. எழுத்துத் தெரியாத அம்மா, உன் நோட்டீசிலாவது நம் பெயர்களை யாராவது வாசிக்கக் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறார். நான் அதை யோசிக்கவேயில்லை. அம்மா கேட்டார்: "அப்ப அவன் செத்ததுக்கு நான் அழக் கூடாதா?"

அண்ணே, அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

தவம் அண்ணருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, திடுக்கிட்டுப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தெரியாமல் போச்சுது பிள்ளை. ஆனா இப்ப மாத்தினா அந்தக் குடும்பத்துக்கும் ஒரு மாதிரி, எங்களுக்கும் ஒரு மாதிரி. இப்பிடியே விடுவமே? தம்பிக்கும் நல்ல பேர்தானே."

நல்ல பேராம். அப்போ நம் அம்மாவின் பேர் என்ன பேர்? வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உன் பயம் எனக்குள் வந்தது. அவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், மறைத்தவன் நீ. நீயாகத் திறக்காத கதவை நான் திறக்கலாமா? அந்த மருதமரத்துக்குப் பின்னால் உனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கலாம். பெயரும் ஊரும் யாரும் தோண்டாமல், நல்லதொரு குரலாக மட்டும் இருந்துவிட ஆசைப்பட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால் உன் வீடியோக்களில் அழுதவர்கள் தங்கள் கண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. எடுக்கிறவர்கள் எடுக்கட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, மனம் வருவதில்லை. உன்னிடம் கேட்கவும் வழியில்லை. பச்சைப் புள்ளி எரிகிறது, பதில் இல்லை.

ஆகவே அம்மாவிடம் கேட்டேன். எல்லாருக்கும் தெரிய எழுதிப் போடட்டுமா என்று.

"கூலிக்காரி மவன்னு சொன்னா அவனுக்கு வெக்கமாடி?"

"தெரியலம்மா."

"எனக்கு வெக்கமில்ல. போடு." எழுந்து உள்ளே போனவர் கொஞ்சம் பொறுத்துத் தலை வாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். "படம் புடிக்கிறதுன்னா இப்பவே புடி."

படம் எடுத்துவிட்டேன் அண்ணே. இந்தக் கடிதத்தோடு அதையும் உன் கணக்கிலிருந்தே, குளக்கட்டுத் தம்பியின் பெயரிலேயே, குழுவில் போடுகிறேன். உனக்குக் கோபமென்றால் கனவில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். எடுத்த முடிவை மாற்றமாட்டேன். அவர்கள் அழித்தால் திரும்பவும் போடுவேன். குழுவிலிருந்து உன்னை நீக்கினால் என் பெயரில் போடுவேன். உன் வீடியோ ஒன்றைக்கூட நான் அழிக்கமாட்டேன், அவர்களுடைய கிணறுகளும் மரங்களும் அவர்களுக்கு அங்கேயே இருக்கும். யார் உன்னை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டாலும் இனி நான் பதில் சொல்லுவேன்.

இப்படிக்கு,
தோட்டத்து லயத்தில் பிறந்து, நெடுங்கேணியில் ஊரார் நெல்லைக் குத்தி நம் இருவரையும் வளர்த்த
காளியம்மாவின் மகள்,
உன் தங்கச்சி செல்வி