தாழைமுனை தாய் சேய் நிலையத்தின் பின்வளவில் கிடக்கும் 471 ரயர்கள்

அனுப்புநர்:
செ. வின்சன்,
ஓய்வுபெற்ற பிரதேசச் செய்தியாளர்,
வாடி வீதி, தாழைமுனை,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
தாழைமுனைப் பிரதேச சபை,
தாழைமுனை.

விடயம்: டெங்கு ஒழிப்புப் போட்டியில் சேர்ந்த ரயர்களில் நுளம்பு பெருகுவதும், மாரிக்கு முன் அவற்றை அகற்றக் கோருவதும்.

மதிப்பிற்குரிய தவிசாளர் ஐயா,

முப்பத்தொரு வருடம் இப்பகுதியிலிருந்து பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியவன் என்ற முறையிலும், கீழே கூறப்படும் தவறில் ஒன்பது ரயர் அளவுக்குப் பங்காளி என்ற முறையிலும் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறேன்.

1. கடந்த மே மாதம் சுகாதாரப் பகுதியினர் எமது கிராமத்தின் 128 வீடுகளுக்கும் சென்று, வளவுகளில் மழைநீர் தேங்கக்கூடிய பழைய வாகன ரயர்கள் 63 கிடப்பதாகக் கணக்கெடுத்தனர். அதன்பேரில் தங்கள் சபை ஒரு போட்டியை அறிவித்தது. 14.06.2025 சனிக்கிழமை, ஆகக் கூடிய பழைய ரயர்களை ஒப்படைக்கும் குடும்பத்துக்கு முதற் பரிசு, இருநூறு லீற்றர் கொள்ளும் நீல நிறத் தண்ணீர்ப் பரல். இரண்டாம் பரிசு, இரட்டைக் கட்டிலுக்குரிய நுளம்பு வலை. மூன்றாம் பரிசு, தண்ணீர் நிற்கும் அடித்தட்டுகளுடன் கூடிய மூன்று பூச்சாடிகள். பரிசுகளைத் தெரிவுசெய்தவர் எவர் என்பதை நான் விசாரிக்கவில்லை.

2. ரயர்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. மற்றவை எல்லாம் இந்த ஒரு வரி இல்லாமையால் வந்தவை.

3. தங்களுக்குத் தெரிந்தவாறு எமது துறையில் 42 படகுகள் உள்ளன. ஒன்றோடொன்று மோதிச் சேதமடையாதிருக்க ஒவ்வொரு படகுக்கும் பக்கங்களில் மொத்தம் நான்கு பழைய ரயர்களைக் கட்டித் தொங்கவிடுவது இங்கு வழக்கம். ஜூன் 13 அந்தோனியார் திருநாள். அன்று ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே பூசையில் நின்றபோது, அறுபத்தொரு வயதான திரு. அருளப்பு மட்டும் ஒரு கத்தியுடன் துறையில் நின்றிருக்கிறார். பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது 42 படகுகளிலும் வெறும் கயிறுகளே தொங்கின. மறுநாள் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அவரைச் சூழ்ந்துகொண்டபோது அவர் அளித்த விளக்கத்தைச் சொல் மாற்றாமல் தருகிறேன்: "டெங்குக்குத்தானே குடுத்தனான், வீட்டுக்கே கொண்டு போனனான்? ஏன் எல்லாரும் என்னைக் கடிக்கிறியள்? நுளம்பு கடிச்சாலும் பரவாயில்லைப் போல கிடக்கு."

4. சந்தியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர் திரு. இஸ்ஸதீன். தமது போட்டியாளரான அருளப்பு பூசைக்குப் போகவில்லை என்ற செய்தி கிடைத்த பத்து நிமிடத்தில் அவர் வவுனியாவில் ரயர் கடை நடத்தும் தமது மச்சான் திரு. றிபாஸுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அப்போது கடையில் நின்றேன். மறுபக்கத்துக் குரல் கடைக்கு வெளியிலும் கேட்டது: "மச்சான், எத்தினை வேணுமெண்டு கேக்காதீங்கோ. லொறி நானே அனுப்புறன். ஒண்டே ஒண்டு, அதுகள் திரும்பி மட்டும் வரப்படாது." 240 ரயர்கள் வந்தன.

5. மூன்றாம் இடம் எனக்குக் கிடைத்தது. எனது ஒன்பது ரயர்களிலும் மண் நிரப்பி மிளகாய் நட்டிருந்தேன். அவற்றில் நீர் தேங்கவில்லை, மண்தான் இருந்தது. போட்டிக்காக மண்ணைக் கொட்டிவிட்டு ஒப்படைத்தேன். மிளகாய்க் கன்றுகள் இப்போது பரிசாகக் கிடைத்த பூச்சாடிகளில் நிற்கின்றன. அடித்தட்டுகளை நான் நாளாந்தம் கவிழ்க்க வேண்டியுள்ளது.

6. எண்ணியவர்கள் மூவர்: தங்கள் சபையின் எழுதுவினைஞர், குடும்ப நல உத்தியோகத்தர் செல்வி கௌசலா, நான். இஸ்ஸதீன் 247, அருளப்பு 171, வின்சன் 9, ஏனைய வீடுகள் சேர்ந்து 44. மொத்தம் 471. இதிலிருந்து வவுனியாவின் 240ஐயும் படகுகளின் 168ஐயும் கழித்தால் சரியாக 63 வரும். ஆகவே மே மாதக் கணக்கெடுப்பு மிகத் திருத்தமானது என்பதை இவ்விடத்தில் பாராட்டுடன் பதிவுசெய்கிறேன். அறுபத்து மூன்றை ஒழிக்கப் புறப்பட்டு நானூற்று எழுபத்தொன்றைச் சேர்த்தோம். மூன்று நாட்களின் பின் 'நுளம்பில்லாக் கிராமமாகிறது தாழைமுனை' என்ற தலைப்பில் வந்த செய்தியை எழுதியவனும் நானே.

7. ரயர்கள் தாய் சேய் நிலையத்தின் பின்வளவில் அடுக்கப்பட்டன. மறுநாளே சபையின் உழவு இயந்திரம் ஏற்றிச் செல்லும் என்று கூறப்பட்டது. அது 16ஆம் திகதி வந்தது. வளவுக்குள் திரும்பும்போது அதன் இழுவைப் பெட்டியின் இடப்பக்க ரயர் வெடித்தது. அன்றிலிருந்து அது அங்கேயே நிற்கிறது. புதிய ரயருக்கான விண்ணப்பம் அனுமதிக்காகக் காத்திருப்பதாக அறிகிறேன். அங்கு கிடக்கும் 471இல் ஒன்றைப் பொருத்தலாமா என்று பார்க்க ஒட்டுசுட்டானிலிருந்து வந்த திருத்துநர், இரண்டு மணித்தியாலம் அளந்துவிட்டு, ஒன்றும் பொருந்தாது என்று கூறித் தேநீர் குடித்துச் சென்றார்.

8. செப்டெம்பர் 2ஆம் திகதி 36 நிமிடம் மழை பெய்தது. ஒன்பதாம் நாள், 11ஆம் திகதி வியாழக்கிழமை, கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக். அன்று காலை ஒன்பது மணிக்கு நான் கண்டது: விறாந்தையின் கூரை வளையில் கட்டிய ஓர் இரட்டைக் கட்டில் நுளம்பு வலை, அதற்குள் பதினொரு கர்ப்பிணித் தாய்மார். நிறை பார்க்கும் தராசு வலைக்கு வெளியே இருந்தது. பெயர் கூப்பிட்டவுடன் ஒருவர் வெளியே வந்து தராசில் ஏறி, கால்களை மாறி மாறித் தட்டி, முள் நிற்க முன்பே இறங்கி உள்ளே போனார். "ஆடாமல் நில்லுங்கோ அக்கா, உங்கட நிறையை எழுதுறதோ நுளம்பின்ரையை எழுதுறதோ?" என்று செல்வி கௌசலா கேட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல், "ரண்டையும் கூட்டி எழுதுங்கோ மிஸ், நிறை காணாதெண்டு போனமுறை பேசினீங்கள்தானே" என்றது.

அந்தக் குரலுக்குரியவர் திருமதி நிரோசினி, திரு. அருளப்புவின் மருமகள். இது அவரது முதற் பிள்ளை. அட்டையில் குறிக்கப்பட்டுள்ள பிரசவத் திகதி நவம்பர் 20. வலையும் அருளப்பு வென்ற இரண்டாம் பரிசுதான். "கடலுக்குப் போறவனுக்கு வலை பரிசாம்" என்று அதை மூன்று மாதம் அலுமாரிக்கு மேல் எறிந்து வைத்திருந்தவர், அன்று காலை தாமே கொண்டுவந்து கட்டியிருக்கிறார். கட்டி முடித்ததும் வலைக்கு வெளியே மருமகளின் பக்கமாக ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, கிளினிக் முடியும்வரை துவாயால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் அன்று பகிடி விட நான் காணவில்லை.

9. மறுநாள் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நுளம்பின் புழுக்களான குடம்பிகள் இருந்ததற்காக, வழக்குக்கு முன் எச்சரிக்கையாகக் கொடுக்கும் சிவப்பு அறிவித்தல் ஒன்றை வழங்கினார். அது ரயர்க் குவியலுக்கு அல்ல. திரு. இஸ்ஸதீன் வென்ற நீல நிறப் பரலுக்கு. பரலில் குடம்பி இருந்தது உண்மை, நானும் பார்த்தேன். திருமதி கைருன்னிஸா இஸ்ஸதீன் பரிசோதகரிடம் கூறியது: "தந்தவையும் நீங்கள், துண்டு எழுதுறவையும் நீங்கள். மேடையில குடுக்கேக்க மூடியையும் சேத்துக் குடுத்திருக்கலாமே தம்பி?" குவியலுக்கு ஏன் அறிவித்தல் இல்லை என்று நான் கேட்டேன். அறிவித்தலில் உரிமையாளரின் பெயரை எழுத வேண்டும், குவியலுக்கு உரிமையாளர் எவரென்று தெரியவில்லை என்றார் பரிசோதகர். தங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, அது சுகாதாரப் பகுதியின் விடயம் என்றனர். சுகாதாரப் பகுதி, வளவு சபையினுடையது என்றது.

ஐயா, உரிமையாளர் எவரென்பது எழுத்தில் உள்ளது. ரயர் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தங்கள் சபை பற்றுச்சீட்டு வழங்கியது. எனக்குக் கிடைத்ததில், 'ஒன்பது (9) ரயர்கள் சபையின் உடைமையாகப் பெற்றுக்கொள்ளப்பட்டன' என எழுதி இறப்பர் முத்திரையும் குத்தப்பட்டுள்ளது. அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

10. குவியலைக் கொளுத்திவிடலாம் என்று ஊரில் சிலர் பேசுகின்றனர். காற்று இப்போது நிலையத்தின் பக்கமாகவே வீசுகிறது. அந்தப் புகை வலைக்குள்ளும் போகும் என்று சொல்லி இதுவரை தடுத்து வைத்துள்ளேன். என் சொல்லுக்கு எவ்வளவு காலம் மதிப்பிருக்கும் என்று சொல்ல முடியாது. நுளம்பில்லாக் கிராமம் என்று எழுதியவன் நான்.

11. இம்மனுவை எழுதி முடிக்கும் தறுவாயில் தங்கள் சபையின் புதிய துண்டுப்பிரசுரம் கைக்குக் கிடைத்தது. ஒக்டோபர் 4ஆம் திகதி, வெற்றுப் போத்தல்கள், சிரட்டைகள் ஒப்படைக்கும் இரண்டாவது போட்டி. முதற் பரிசு இரண்டு பரல்கள். இம்முறையும், எங்கிருந்து வரவேண்டும் என்ற அந்த வரி எழுதப்படவில்லை. திரு. றிபாஸ் வவுனியாவிலிருந்து நேற்றே தொலைபேசி எடுத்துவிட்டார் என்பதைத் தங்கள் உடனடிக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது: படகுகளுக்குரிய 168 ரயர்களை, நீர் நில்லாதபடி துளையிட்டு, உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். துளையிடுவதற்கும் மீண்டும் கட்டுவதற்கும் திரு. அருளப்பு ஒப்புக்கொண்டுள்ளார், சம்மாட்டிமார் பக்கத்தில் நிற்பார்கள். மீதி 303ஐயும் மீள்சுழற்சிக்கு ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களிலும் காற்றுள்ள ஒரு வாகனத்தை அனுப்புங்கள். எனது ஒன்பதை நான் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டாவது போட்டியை நிறுத்துங்கள். இவற்றில் எதுவும் உடனே இயலாதெனில், சட்டப்படி செய்யக்கூடியது ஒன்று உண்டு: பின்வளவுக் குவியலுக்கான சிவப்பு அறிவித்தலைத் தங்கள் பெயருக்கு எழுத அனுமதியுங்கள். பரிசோதகரிடம் படிவம் தயாராக உள்ளது, பெயர் மட்டுமே வெறுமையாக இருக்கிறது.

அடுத்த கிளினிக் 25ஆம் திகதி வியாழக்கிழமை. சென்றமுறை கடைசியாக வந்ததால் ஒரு கால் வலைக்கு வெளியே இருந்ததாம். இம்முறை தனக்கு நடுவில் ஓரிடம் பிடித்து வைக்கும்படி நிரோசினி மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அருளப்பு அன்று விடியவே போய் நிற்பார். அவர் போகும்போது கையில் வலை இல்லாமல் போகத்தக்கதாகத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன். செய்தால், ஜூன் மாதச் செய்திக்கான திருத்தத்தை என் கைப்படவே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். தலைப்பை மாற்ற வேண்டியிராது.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, எனது செய்தியின் நறுக்கு, வலைக்குள் தாய்மார் இருக்கும் நிழற்படம் (அவர்களின் சம்மதத்துடன் எடுக்கப்பட்டது).

தாழைமுனை,
22.09.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
செ. வின்சன்
(ஒப்பம்)